காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஒரு பாதை

வடசென்னைக் கடலோரத்தில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை வேண்டும். ரொம்ப நாள் ஆசை இது. ஆனால் மெரினாவைப் பார்த்து வரைந்த வரைபடம் இங்கே செல்லாது. துறைமுகம் வந்த பிறகு, வடக்கே நகர்ந்து வந்த மணல் அங்கேயே தடைபட்டு மெரினா அகலமானது. அந்த மணல் வந்து சேராத ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. இப்போது ஒருபக்கம் கொட்டிய கருங்கல்லும் தூண்டில் வளைவும் (கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்பு), மறுபக்கம் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள்.

அதனால் வெள்ளைக் கோடு மட்டும் போட்டால் உயிர் போகும். லாரிக்கும் பாதைக்கும் நடுவே உறுதியான கான்கிரீட் தடுப்பு வேண்டும். நடப்பவரும் மிதிப்பவரும் சேர்ந்து போக 3 மீட்டர் அகலமாவது வேண்டும். மாலையில் கூட்டம் கூடும் இடத்தில் அதுவும் பத்தாது, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தே ஆகணும். (உப்புக்காற்றில் இரும்புக் கைப்பிடி நிற்காது, அதையும் யோசிங்க.)

வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் இடமும் குறுக்கே வந்தால், பாதைதான் வளைந்து போகணும். மீன்கூடையோடு நடக்கும் அக்காக்களுக்கும், ஷிப்டுக்கு சைக்கிளில் போகிறவர்களுக்கும்தான் இது முதலில். மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. அதை வைத்து இங்கேயும் கேட்போம். வரைபடம் போடும் முன் மீனவ கிராமத்தாரோடு உட்கார்ந்து பேசுங்க.