ஏழு அடுக்குக்குக் கீழ திரவம் திரவமாவே இருக்குமா?

லூப்ரிகேஷன்னாலே நம்ம மனசுல இருக்கிற படம் ரொம்ப சிம்பிள். ரெண்டு பரப்புக்கு நடுவுல எண்ணெய், அதோட விஸ்காசிட்டி (ஓட விடாம இழுத்துப் பிடிக்கிற கெட்டித்தனம்), படலத்தோட தடிமன், நகர்த்துற வேகம் இதெல்லாம் தெரிஞ்சா உராய்வைக் கணக்கு போட்டுடலாம், நியூட்டன் காலத்துக் கணக்குதான், மைக்ரான் அளவுல ஜம்முனு வேலை செய்யும். அதே படலத்தை நசுக்கி நசுக்கி நாலஞ்சு மூலக்கூறு தடிமனுக்குக் கொண்டு போனா? கொஞ்ச நாளா இதைத்தான் படிச்சிட்டிருக்கேன், அங்க விஸ்காசிட்டின்னு ஒண்ணு இருக்கான்னே சந்தேகமா இருக்கு.

முதல் தலைவலி அளக்கிறது. எவ்வளவு பாலிஷ் போட்டாலும் உலோகத்துல மேடு பள்ளம் இருக்கும், மூலக்கூறு அளவுல பார்த்தா அது மலைத்தொடர். அதனால மைக்காங்கிற கனிமத்துக்குப் போனாங்க, அது அடுக்கடுக்கா உரியும், உரிச்ச பரப்பு அணு அளவுக்கு வழவழன்னு இருக்கும். கேம்பிரிட்ஜ்ல டேபர்ங்கிற இயற்பியலாளரோட குழு 1960களோட கடைசியில மைக்காவை வச்சு அளக்க ஆரம்பிச்சது, அப்புறம் இஸ்ரேலாச்விலிங்கிற விஞ்ஞானி அதை மெருகேத்தினாரு. வளைஞ்ச ரெண்டு மைக்கா தகடு குறுக்கும் நெடுக்குமா, பின்பக்கம் வெள்ளிப் பூச்சு, வெள்ளை ஒளியை விட்டு அது உடையிற நிறக்கோடுகளைப் பார்த்தே இடைவெளியை 0.1 நானோமீட்டர் துல்லியத்துக்குச் சொல்லிடலாம். எனக்கு இதுல பிடிச்சதே இந்தக் கருவிதான், அடிப்படை யோசனை அவ்வளவு எளிமை.

1981ல ஹார்னும் இஸ்ரேலாச்விலியும் ஆக்டாமெத்தில்சைக்ளோடெட்ராசிலாக்ஸேன்னு (மூச்சு வாங்குது, ஓஎம்சிடிஎஸ்னே சொல்லுவோம்) ஒரு திரவத்தை உள்ள வச்சு அளந்தாங்க. அதோட மூலக்கூறு கிட்டத்தட்ட உருண்டை, சுமார் 0.9 நானோமீட்டர். டப்பாவுல கொட்டின கோலிகுண்டு சுவரோரம் வரிசையா நிக்குற மாதிரி, மூலக்கூறும் மைக்காவை ஒட்டி அடுக்கடுக்கா நிக்குது. தகடுகளை நெருக்க நெருக்க விசை தள்ளுது, இழுக்குது, மறுபடி தள்ளுது, சரியா ஒரு மூலக்கூறு அளவுக்கு ஒரு தடவை. திரவம் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வராது, ஒவ்வொரு அடுக்கா பிதுங்கும்.

இப்போ பக்கவாட்டுல தள்ளினா? சாதாரணத் திரவம்னா தொட்டாலே நகரணும், இது நகராது. விசை ஒரு அளவு தாண்டுற வரைக்கும் திடப்பொருள் மாதிரி பிடிச்சு நிக்கும், அப்புறம் சட்டுனு வழுக்கும், மறுபடி பிடிக்கும். நடுவுல எத்தனை அடுக்கு இருக்குங்கிறதைப் பொறுத்து உராய்வும் படிப்படியா மாறும். 1990ல தாம்ப்ஸனும் ராபின்ஸும் கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல, படலம் நிக்கும்போது உறைஞ்சு வழுக்கும்போது உருகுதுன்னு காட்டினாங்க. வேகத்தைக் கூட்டினா ஒரு கட்டத்துக்கு மேல இந்த வெட்டு வெட்டா போறது நின்னுடும், ஏன்னா மறுபடி உறையவே நேரம் கிடைக்காது. கிளை விட்ட மூலக்கூறுன்னா ஒழுங்கா அடுக்க முடியாம இந்தத் தொல்லை குறையும்.

1995ல கிளைனும் குமாசேவாவும் இன்னும் ஒரு படி மேல போனாங்க: ஏழு அடுக்கு வரைக்கும் திரவம், ஆறு ஆனதும் திடம், விறைப்பு குறைஞ்சது 1 கோடி மடங்கு கூடுது. இதுல பெரிய சண்டையே நடந்துச்சு. மைக்காவை வெட்டுற சூடான பிளாட்டினம் கம்பியில இருந்து தெறிச்ச நானோ துகள்கள் பரப்புல ஒட்டி முடிவையே கெடுத்திருக்கலாம்னு சிலர் கிளப்ப, எங்க சாம்பிள் சுத்தம்னு மத்தவங்க சொல்ல, கொஞ்ச வருஷம் ஒரே அமளி. அடுக்கா நிக்குதுங்கிறதுல யாருக்கும் சந்தேகமில்ல, நிஜமாவே ஒழுங்கான படிகமா உறையுதா இல்ல கண்ணாடி மாதிரி ஒழுங்கில்லாம இறுகுதாங்கிறதுதான் தகராறு.

தண்ணி மட்டும் இந்தக் கூட்டத்துல சேரவே இல்ல. 2001ல கிளைன் குழுவே அளந்தப்போ ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடுக்குல கூட தண்ணியோட விஸ்காசிட்டி சாதாரண தண்ணியை விட மூணு மடங்குக்குள்ளதான் இருந்துச்சு. மத்த திரவம் உறைஞ்சா அடர்த்தி கூடும், அதனால நெருக்கம் உறைய உதவும், தண்ணி உறைஞ்சா விரியும், அதனால நெருக்கம் உறைய விடாதுங்கிறது அவங்க விளக்கம். அதோட தண்ணியில கரைஞ்ச சோடியம் மாதிரி அயனி தன்னைச் சுத்தி தண்ணி மூலக்கூறை இறுக்கிப் பிடிச்சுக்கும், பாரத்தைத் தாங்கும், ஆனா அந்த மூலக்கூறுகள் நானோ செகண்ட் கணக்குல இடம் மாறிட்டே இருக்கும், அதனால வழுக்கவும் செய்யும்.

நம்ம முழங்கால், இடுப்பு மூட்டுல 50 அட்மாஸ்ஃபியர் அளவு அழுத்தத்துலயும் உராய்வுக் குணகம் 0.001 கிட்ட இருக்குறதுக்கும் இதுதான் காரணம், குருத்தெலும்பு மேல இருக்கிற லிப்பிட்டோட (கொழுப்பு வகை மூலக்கூறு) தண்ணியைப் பிடிக்கிற தலைகளைச் சுத்தி நிக்குற தண்ணிதான்னு கிளைன் சொல்றாரு. இல்ல, குருத்தெலும்புக்கு உள்ள ஊறியிருக்கிற தண்ணியோட அழுத்தமே பாரத்தைத் தாங்கிடுதுன்னு இன்னொரு கட்சி. ரெண்டும் சேர்ந்தே நடக்குதுன்னுதான் எனக்குத் தோணுது, ஒண்ணு இன்னொண்ணைத் தடுக்கிற மாதிரி எதுவும் கண்ணுல படல.