அந்த 'பி' எங்கிருந்து வந்தது?

பள்ளியில் ஒருமுறை, கடனுக்கான ஆங்கிலச் சொல்லை ஸ்பெல்லிங்கில் இருந்தபடியே 'டெப்ட்' என்று வாசித்தேன். வகுப்பே சிரித்தது. "டெட்னு சொல்லணும், பி சைலன்ட்" என்று திருத்தினார்களே தவிர, சொல்லாத எழுத்தை எதற்கு எழுதுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

பல வருடம் கழித்து விடை தெரிந்தபோது கோபம்தான் வந்தது. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது, அப்போது அதில் பி கிடையாது. பிறகு லத்தீன் படித்தவர்கள், மூலச்சொல் 'டெபிட்டும்' ஆயிற்றே என்று நடுவில் ஒரு பியைச் செருகிவிட்டார்கள், மக்கள் பேச்சை மாற்றிக்கொள்ளவே இல்லை. 'டவுட்'டிலும் இதே கதை. 'ஐலண்ட்' இன்னும் மோசம்: அது பழைய ஆங்கிலச் சொல், லத்தீனோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தீவையே குறிக்கும், லத்தீன் வழி வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லுக்குச் சொந்தம் என்று தப்பாக நினைத்து எஸ்ஸைச் சேர்த்தார்கள், இன்றுவரை குழந்தைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள்.

ஆனால் எல்லா மௌன எழுத்தும் இப்படி வந்ததல்ல. முழங்காலைக் குறிக்கும் 'நீ'யிலும் கத்தியைக் குறிக்கும் 'நைஃப்'பிலும் முன்னால் நிற்கும் கே ஒரு காலத்தில் நன்றாகவே ஒலித்தது, ஜெர்மன்காரர்கள் முழங்காலை இன்றும் 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார், அச்சு பரவப் பரவ ஸ்பெல்லிங் மெல்ல இறுகியது, பேச்சோ தன்பாட்டுக்கு மாறிக்கொண்டே போனது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தக் கே வாயிலிருந்து உதிர்ந்துவிட்டது, தாளில் மட்டும் தங்கிவிட்டது.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த வகை ஒன்று உண்டு. 'சைன்' என்று சொல்லும்போது தூங்கும் ஜி, 'சிக்னேச்சர்' என்றதும் எழுந்துவிடும். 'பாம்' என்பதில் கடைசி பி ஒலிக்காது, 'பம்பார்ட்' என்பதில் ஒலிக்கும். 'மசில்' என்பதில் பேசாத சி, 'மஸ்குலர்' என்பதில் பேசும். ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுப்பவர்கள் இப்படிச் சொல்லையும் அதன் சொந்தக்காரச் சொல்லையும் சேர்த்தே காட்டலாம், தனியாக உருப்போட வேண்டிய வேலையே இருக்காது.

'ஆஃபன்' என்ற சொல்லில் டி எப்போதோ உதிர்ந்துபோனது. இப்போது ஸ்பெல்லிங்கைப் பார்த்து 'ஆஃப்டன்' என்று சொல்பவர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலேயே நிறையப் பேர். அகராதிகள் இரண்டு உச்சரிப்பையும் தருகின்றன. நான் அன்று செய்ததும் இதேதான், எழுதியிருந்ததை நம்பி வாசித்தேன்.