மழைக்குப் பிறகு காணாமல் போன டீசல்

சென்ற மே மாதம், நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றின் பின்புறம் நாங்கள் போட்டிருந்த ஆய்வுக் குழியிலிருந்து பெய்லரைத் தூக்கியபோது, தண்ணீருக்கு மேலே நான்கு விரற்கடை உயரத்துக்கு நல்லெண்ணெய் நிறத்தில் டீசல் நின்றது. பெய்லர் என்பது அடியில் சிறு குண்டு வால்வு வைத்த, உள்ளே இருப்பது வெளியே தெரியும் மூன்றடி பிளாஸ்டிக் குழாய்தான். நிலத்தடியில் நடப்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய கருவி எங்களிடம் கிடையாது. பூமிக்கடியில் இருந்த பழைய டேங்கின் இணைப்பில் ஏற்பட்ட கசிவு அது. எத்தனை மாதங்களாகக் கசிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பரில் அதே குழியில் மீண்டும் பெய்லரை இறக்கினேன். வானவில் நிறத்தில் மெல்லிய படலம் மட்டுமே வந்தது. "பார்த்தீங்களா சார், மழையே எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிடுச்சு" என்றார் உரிமையாளர். அவரைக் குறை சொல்ல முடியாது; இந்த வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

உண்மையில் ஒரு சொட்டுகூட எங்கும் போயிருக்காது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது அதன்மேல் மிதக்கும் டீசலும் கூடவே இறங்கி, வழியெல்லாம் மணல் துகள்களுக்கிடையே ஒட்டிக்கொள்கிறது. மழையில் நீர்மட்டம் ஏறும்போது தண்ணீர் அந்தத் துகள்களைச் சூழ்ந்துகொள்வதால், இடையில் இருக்கும் எண்ணெய் துண்டு துண்டாக அறுந்து, நகர வழியின்றி நீருக்கடியிலேயே சிறைப்பட்டுவிடுகிறது. ஓட முடியாத எண்ணெய் குழிக்குள் வராது. குழிக்குள் வராததைப் பெய்லர் காட்டாது. ஆனால் அங்கிருந்தபடியே அது நீரில் கரைந்துகொண்டிருக்கும். இதனால்தான் எங்கள் துறையில் ஒரு பருவத்து அளவை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வருவதில்லை.

பெரிய மோட்டாரைப் போட்டு இரவு பகலாக இறைத்துவிட்டால் என்ன என்பது எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. அப்படி இறைத்தால் குழியைச் சுற்றி நீர்மட்டம் புனல்போலக் கீழே இறங்கும். எண்ணெயும் பின்னாலேயே இறங்கி, அதுவரை சுத்தமாக இருந்த ஆழத்து மண்ணிலும் பிசுக்கைப் பூசிவிடும். மேலே மிதப்பதை மட்டும் மெதுவாக வழித்தெடுக்க வேண்டும். அப்படியும் வருவது, வர விரும்புகிற பங்கு மட்டும்தான். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கவிழ்த்த பிறகும் பிசுக்கு நிற்பதைப்போல மிச்சம் மண்ணிலேயே தங்கிவிடும்.

அந்த மிச்சம் எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள பெமிட்ஜியைப் பார்க்கலாம். 1979 ஆகஸ்ட் 20 அன்று அந்த ஊருக்கு அருகே குழாய் வெடித்து, சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. இறைத்தும் எரித்தும் மண்ணை வெட்டியெடுத்தும் பெரும்பகுதியை அப்போதே அகற்றினார்கள். ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் தங்கிவிட்டது. 1983 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்த இடத்தை ஒரு திறந்தவெளி ஆய்வுக்கூடமாகவே வைத்திருக்கிறது. 1999 முதல் 2004 வரை மீண்டும் பம்பு வைத்து எடுத்ததில் கிடைத்தது ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். அதற்குப் பிறகும் அடியில் எண்ணெய் இருந்தது.

பம்பைவிட என்னைக் கவர்வது அங்குள்ள நுண்ணுயிரிகளின் வேலை. பிராணவாயு தீர்ந்துபோன பிறகும், மண்ணிலுள்ள இரும்பைப் பயன்படுத்தி, அதுவும் தீர்ந்த இடங்களில் மீத்தேனை வெளியேற்றி, அவை எண்ணெயின் கூறுகளைச் சிதைத்துக்கொண்டே இருந்தன. நிலத்தடி நீர் அங்கு நகரும் வேகத்தோடு ஒப்பிட்டால், எண்ணெயிலிருந்து நீரில் கரையும் நச்சுப்பொருளான பென்சீன் மிகக் குறைந்த தூரமே பரவியது. ஆனால் இதைக் காரணம் காட்டி, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று கைகட்டி நிற்பதை நான் ஏற்கவில்லை. அது பல பத்தாண்டுகள் எடுக்கும் வேலை. பக்கத்து வீட்டு போர் தண்ணீரைக் குடிப்பவர் அதுவரை காத்திருக்க முடியாது. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு வெறும் 10 மைக்ரோகிராம்.

கசிந்தது பெட்ரோலாக இருந்திருந்தால், மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சியெடுக்கும் முறையிலேயே கணிசமான பங்கை வெளியேற்றியிருக்கலாம். டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை. எனவே மிதப்பதை வழித்தெடுப்பது, மண்ணுக்குள் மெதுவாகக் காற்றைச் செலுத்தி நுண்ணுயிரிகளுக்குப் பிராணவாயு கொடுப்பது, அக்கம்பக்கத்துக் கிணறுகளை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சோதிப்பது என்று அறிக்கையில் எழுதினோம். மழை கழுவிவிட்ட பிறகு எதற்கு இவ்வளவு செலவு என்று உரிமையாளர் தயங்கினார். கோடை வரட்டும் என்றேன்.

ஏப்ரல் கடைசியில் அவரையும் அருகில் வைத்துக்கொண்டு பெய்லரைத் தூக்கினேன். இரண்டு விரற்கடை டீசல். அவர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்து வீட்டு போரில் எடுத்த மாதிரியின் முடிவு எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.