உப்புத் தண்ணீரும் உறையுமா?

கடந்த ஆவணியில் மட்டக்களப்பில் எங்கள் ஊரான கல்லடிக்குப் போயிருந்தபோது, வாவிக்கரையில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த மாமா, "கனடாவில குளிர்காலத்தில ஏரிக்கு மேலால நடக்கலாம் எண்டு சொல்றாங்களே, உண்மையா மருமகன்?" என்று கேட்டார்.

ரொறன்ரோவில் என் முதற் குளிர்காலத்தில், ஒன்ராறியோ ஏரி முழுவதும் உறைந்திருக்கும் என்று நம்பிக் கரையில் போய் நின்றேன். தை மாதக் குளிரிலும் அது அலையடித்துக்கொண்டே இருந்தது. 244 மீற்றர் வரை ஆழமான அந்த ஏரி, கோடையில் சேர்த்த வெப்பத்தை இலகுவில் இழப்பதில்லை. ஆனால் வடக்கே, மிக ஆழமான இடத்திலும் ஏறத்தாழ 41 மீற்றரே உள்ள சிம்கோ ஏரியின் மீது ஆட்கள் சிறு குடில்கள் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நன்னீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகவும் அடர்த்தியானது. இலையுதிர்காலத்தில் குளிர்ந்த மேல்நீர் கனத்துக் கீழே இறங்க, கீழ்நீர் மேலே வந்து குளிர்கிறது. ஏரி முழுவதும் 4 பாகைக்கு வந்த பின்னர், அதற்கும் கீழே குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்கிவிடுவதால், காற்று அடங்கிய ஓர் இரவில் மேற்பரப்பு மட்டும் உறைகிறது. அப்படியானால் அடியில் மீன் சாகாது என்பதுதான் மாமாவுக்கு முதலில் வந்த நிம்மதி.

வெண்பனி கொட்டினால் ஏரியின் பனிக்கட்டி விரைவாகத் தடிக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. எங்கள் ஊரில் ஐஸ் கட்டியை மூடும் உமி வெளிச்சூட்டை உள்ளே விடாததுபோல, அங்கே பனிப்போர்வை ஏரியின் சூட்டை வெளியே விடாமல் உறைதலைத் தாமதப்படுத்துகிறது. பனியின் பாரத்தில் கட்டி தாழ, வெடிப்புகளால் நீர் மேலேறிப் பனியோடு சேர்ந்து உறைந்து வெள்ளைக்கட்டியாகிறது. தெளிந்த கட்டியின் பாதிப் பலம்தான் அதற்கு உண்டென்று கொள்வார்கள். இரவில் குளிர் கூடும்போது கட்டி சுருங்கி வெடிக்கும் ஓசை ஏரி நெடுக ஓடும். அதை முதன்முதல் கேட்டபோது, நிலவு நாளில் வாவிநீரில் இறக்கிய துடுப்பின் மறுமுனையைக் காதில் வைத்து, நீருக்கடியிலிருந்து கேட்கும் பாடுமீனின் ஓசைக்குக் காத்திருந்த இரவுகள் நினைவுக்கு வந்து, வெகுநேரம் அசையாமல் நின்றேன்.

"உப்புத் தண்ணியும் உறையுமா?" என்றார் மாமா. கடல்நீர் ஏறத்தாழ −1.8 பாகையில் உறைகிறது. முதலில் மெல்லிய ஊசித்துகள்கள் தோன்றி, எண்ணெய் படிந்தாற்போலக் கூழாகி, அலையில் ஒன்றோடொன்று உரசி, விளிம்பு உயர்ந்த அப்பங்கள் போல மிதக்கும். உறையும் நீர் உப்பில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுவதாலும், எஞ்சிய உவர்நீர் மெல்ல வடிவதாலும், பல ஆண்டுகள் கிடந்த கடற்பனிக்கட்டியை உருக்கிக் குடிக்கவும் முடியும். இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா, எங்கள் வாவிக்கு அந்தக் குளிர் வந்தால் கடலோடு சேரும் உப்புக் கூடிய முகத்துவாரப் பக்கம் பிந்தியும் உட்பக்கம் முந்தியும் உறையும் என்று தானாகவே கணித்தார்.

பங்குனியில் தடிப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. வெயில் உள்ளிறங்கிப் படிகங்களின் இடைவெளிகளை உருக்க, கட்டி முழுவதும் நிமிர்ந்த ஊசிகளின் கற்றையாகிக் காலடியில் பிரிந்துவிடும். ஓராண்டு கரையோரத்தில் என் கால் அப்படித்தான் முழங்கால்வரை இறங்கியது; உடன் வந்த நண்பர் சட்டையைப் பிடித்து இழுத்தெடுத்தார். மாமா வலையைக் கீழே வைத்தார். "இனிப் பங்குனியில அதில இறங்காத மருமகன்."