நடுவில் ஓடும் அந்த ஒரு வரி

வங்கியில் நவம்பர் என்றால் ஆயுள் சான்றிதழ் மாதம். ரயில்வே, தபால் துறை என்று மத்திய அரசுப் பணியில் இருந்த பெரியவர்கள், பென்ஷன் நிற்காமல் வர, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வரிசையில் வந்து நிற்பார்கள். 2014-ல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு ஆயுள் சான்றிதழ் வந்தபின் கைரேகை வைத்தாலே போதும் என்றானது. ஆனால் உழைத்துத் தேய்ந்த விரலை அந்தக் கருவி லேசில் ஏற்காது. முகத்தைக் காட்டிப் பதியும் வசதி 2021-ல்தான் வந்தது. நான் சொல்வது 2017-ல் நடந்தது.

ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர் அவர். ஐந்து முறை விரல் வைத்தும் எடுக்கவில்லை. "ஏம்மா, ஆளே நேர்ல நிக்கிறேன், தெரியலையா? வேலை தெரியாதவங்களை எல்லாம் உட்கார வெச்சிருக்காங்க" என்று சத்தம் போட்டார். வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது.

"கத்துனா மெஷின் எடுக்காது. நாளைக்கு வாங்க" என்றேன்.

காகிதப் படிவத்தில் கையெழுத்து வாங்கி அன்றே முடித்திருக்கலாம். அது எனக்குத் தெரியும். கொடுக்க மனம் வரவில்லை. கோலை ஊன்றி அவர் படியிறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் சக ஊழியர் ஒருவர் முடித்துக் கொடுத்தார். எனக்குத்தான் பல நாள் மனசு ஆறவில்லை.

சில மாதம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பு. ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950-களில் தொடங்கிய சிகிச்சை முறையைப் பற்றிச் சொன்னார்கள். நடந்தது ஒன்று, அதைப் பற்றி நாம் நம்புவது ஒன்று, அதனால் எழும் உணர்ச்சி ஒன்று. நடுவில் இருப்பதை விட்டுவிட்டு, முதலாவதுதான் மூன்றாவதைக் கொண்டுவந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். முதலில், 'பெரியவர் கத்தினார்'. கடைசியில், 'கோபம்'. நடுக் கட்டம் நிரம்ப அரை மணி நேரம் ஆனது. 'எல்லார் முன்னாலும் என்னை மட்டம் தட்டுகிறார்' என்று எழுதினேன். அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது: 'எனக்கு வேலை தெரியாது என்று மேனேஜர் நினைத்துவிடுவார்.' அப்போது நான் அந்தக் கிளைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. முந்தைய வாரம் கேஷில் 500 ரூபாய் குறைந்து, கைக்காசைப் போட்டிருந்தேன். கோபம் என்று நான் எழுதி வைத்தது பயம். பென்ஷன் நின்றுபோனால் என்ன செய்வது என்று அவருக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும்.

இது எனக்குப் பெரிய திறப்பு. கோபம் என்று நினைத்தால் எதிராளியை என்ன செய்யலாம் என்றுதான் புத்தி போகும். பயம் என்று தெரிந்திருந்தால் பக்கத்து சீட்டில் உதவி கேட்டிருப்பேன்.

'நல்லதையே நினை' என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'அவர் என்னைத் திட்டவே இல்லை' என்று சொல்லிக்கொண்டால் மனசு நம்பாது. உள்ளே ஓடும் வரி முழு உண்மையா, வேறு காரணம் இருக்குமா என்று கேட்டுப் பார்ப்பதுதான் எனக்குக் கைகொடுக்கிறது. சிலர் உண்மையிலேயே அவமதிக்கத்தான் வருவார்கள். அங்கே கோபம் சரிதான், உறுதியாகப் பேசிவிடலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு பேர் வேலையை இரண்டு பேர் தலையில் கட்டிவிட்டு, ஊழியர் மனதைப் பக்குவப்படுத்திக்கொள்ளட்டும் என்பது நியாயமே இல்லை.

அடுத்த நவம்பரில் அவர் வந்தார். "எடுக்காதும்மா" என்றபடியே கட்டைவிரலை நீட்டினார். அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். ரேகையே இல்லாமல் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. நகத்தின் குறுக்கே ஒரு பழைய வெட்டு. ஈரத்துணியால் துடைத்து வைத்துப் பார்த்தோம், இரண்டு முறையும் எடுக்கவில்லை.

"உட்காருங்கய்யா, பேப்பர்லயே போட்டுடலாம்."

"போன வருசமே இதைக் குடுத்திருக்கலாமேம்மா."

'குத்திக் காட்டுகிறார்' என்று உள்ளே அந்த வரி வந்து நின்றது. ஆனால் அவர் சொன்னது முழு உண்மை.

"குடுத்திருக்கணும்யா. தப்பு என்னோடதுதான்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.