விருப்பக்குறி எனும் மொய்க்கணக்கு

ஒரு பதிவின் கீழே தெரியும் விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை, அந்தப் பதிவின் தரத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணாகவே நாம் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். எழுதியதை முகநூலில் பகிர்ந்ததும் நானும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன். ஆனால் அது அளப்பது தரத்தை அல்ல என்பதே என் எண்ணம்.

அதில் பெரும்பங்கு மொய். போன வாரம் நம் பதிவுக்கு விருப்பம் இட்டவருக்கு இந்த வாரம் நாம் திருப்பி இடுகிறோம், பல வேளைகளில் முழுவதும் படிக்காமலேயே. கடைசி வரி வரை படித்துவிட்டு எதையும் அழுத்தாமல் போகும் வாசகரோ அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

முதலில் விழும் குறி பின்னால் வருபவர்களையும் இழுக்கிறது. செய்திகளைப் பகிரும் ஒரு தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துரைகளை வைத்து மூன்று ஆய்வாளர்கள் நடத்திய சோதனை 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்த சில கருத்துரைகளுக்குத் தொடக்கத்திலேயே ஓர் ஆதரவு வாக்கை அவர்கள் இட்டுவைத்தபோது, அவற்றின் இறுதி மதிப்பு சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. பதிவு வெளியானதும் நண்பர்களை அழைத்து விருப்பம் இடச் சொல்பவர்கள், எந்த ஆய்வையும் படிக்காமலேயே இதை அறிந்திருக்கிறார்கள்.

இவற்றை எல்லாம்விட, எந்தப் பதிவு எத்தனை பேரின் கண்ணில் பட வேண்டும் என்று நிறுவனம் போடும் கணக்குதான் முக்கியமானது. முகநூலில் விருப்பப் பொத்தான் 2009இல் வந்தது. சிரிப்பு, சோகம், கோபம் முதலிய குறிகள் 2016இல் சேர்ந்தன. பதிவுகளை வரிசைப்படுத்தும்போது இந்தப் புதிய குறி ஒவ்வொன்றையும் ஐந்து விருப்பங்களுக்கு இணையாக எண்ணுவது என்று 2017இல் அந்நிறுவனம் முடிவு செய்ததை, 2021இல் வெளியான அதன் உள் ஆவணங்கள் காட்டின. அதன்படி, பொய்ச் செய்தியைக் கண்டு கொதித்து ஒருவர் கோபக்குறி இட்டால், அந்தச் செய்தி இன்னும் பலரிடம் போய்ச் சேர்வதற்கு அவரே உதவியவர் ஆகிறார். நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்து, எடை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2020இல் கோபக்குறியின் எடை பூஜ்யமானது. அதன்பின் பொய்ச் செய்திகள் தென்படுவது குறைந்ததே தவிர, மக்கள் தளத்தைப் பயன்படுத்துவது குறையவில்லை. ஒரே மனிதரின் ஒரே கோபம் ஓராண்டில் ஐந்தாகவும் இன்னோராண்டில் சுழியமாகவும் எண்ணப்பட்டபோதிலும், பதிவின் கீழே நம் கண்ணுக்கு அது எப்போதும் ஒன்றாகவே தெரிந்தது.

இன்ஸ்டாகிராமில் 2021 முதல் இந்த எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளலாம். மனஅமைதிக்கு அது உதவலாம். ஆனால் எண் மறைவது நம்மிடமிருந்து மட்டுமே, நிறுவனம் எண்ணுவதை நிறுத்துவதில்லை என்பதால், அதைச் சீர்திருத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.