மூணு டோஸ் போட்டாச்சு சரி, டைட்டர் பாத்தீங்களா?

வார்டுல புதுசா வேலைக்கு சேர்ற நர்ஸ் பொண்ணுங்ககிட்ட, கல்லீரலத் தாக்குற வைரஸான ஹெபடைட்டிஸ் பிக்கு தடுப்பூசி போட்டாச்சான்னு கேட்டா, "காலேஜ்லயே போட்டுட்டாங்கக்கா"ன்னு டக்குனு பதில் வரும். டைட்டர், அதாவது அந்த வைரஸ எதிர்க்குற ஆன்டிபாடி ரத்தத்துல எவ்ளோ இருக்குங்கற நம்பர், எவ்ளோன்னு கேட்டாதான் முழிக்கிறாங்க. இத யாராவது அவங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்கணும், அதான் எழுதுறேன்.

எச்ஐவி பேஷன்ட்னா நாம எல்லாருமே ரொம்ப உஷாரா இருப்போம். ஆனா பேஷன்ட்டுக்கு போட்ட ஊசி தவறி நம்ம கையில குத்தினா எச்ஐவி தொத்துறது ஆயிரத்துல 3 பேருக்குதான், எதிர்ப்பு சக்தி இல்லாதவங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி நூத்துல 6 பேர்ல இருந்து 30 பேர் வரைக்கும் தொத்தும். காஞ்சுபோன ரத்தத்துல கூட இந்த வைரஸ் 7 நாள் வரைக்கும் உசுரோட இருக்கும்.

0, 1, 6 மாசம்னு மூணு டோஸ் போட்டாலும் கொஞ்ச பேருக்கு உடம்பு ஆன்டிபாடி தயார் பண்றதே இல்ல, வயசு ஏற ஏற, சிகரெட், சுகர், உடம்பு எடைன்னு இருந்தா இது இன்னும் அதிகம். அதனால கடைசி டோஸ் போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஆன்டி எச்பிஎஸ் டெஸ்ட் (டைட்டர் பாக்குற ரத்த டெஸ்ட்) எடுக்கணும், 10 இல்ல அதுக்கு மேல இருந்தா போதும், அப்புறம் வருஷம் போகப் போக நம்பர் குறைஞ்சாலும் பயப்பட வேணாம், உடம்புக்கு ஞாபகம் இருக்கும், வைரஸ் வந்தா திரும்ப ஆன்டிபாடி தயார் பண்ணிரும். ஆனா அந்த நேரத்துல எடுக்காம விட்டுட்டு எட்டு வருஷம் கழிச்சு எடுத்து 4னு வந்தா, முன்னாடி ஏறி இப்ப இறங்குனதா, இல்ல அப்பவே ஏறலையான்னு கண்டுபிடிக்க முடியாது. அப்ப ஒரு டோஸ் போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல மறுபடி பாக்கணும், அப்பவும் ஏறலன்னா ரெண்டாவது சுத்து மூணு டோஸ்ல மிச்சம் ரெண்டையும் போட்டுட்டு இன்னொரு தடவ பாக்கணும். மொத்தம் ஆறு போட்டும் 10ஐ தொடலன்னா எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட்டும் (வைரஸ் உடம்புல இருக்கான்னு பாக்குறது) எடுத்துடுங்க, ஏற்கனவே வைரஸ் உள்ள இருக்கலாம். அது நெகட்டிவ்னா, நாளைக்கு ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் பேஷன்ட்டுக்கு போட்ட ஊசி குத்தினா இம்யூனோகுளோபுலின் (ரெடிமேட் ஆன்டிபாடி ஊசி) போட்டே ஆகணும், முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள. அது ஆயிரக்கணக்குல விலை, எல்லா ஊர்லயும் நினைச்ச நேரத்துக்கு கிடைக்காது, அதனால நம்பர முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கணும்.

எனக்கு ரொம்ப வருத்தம் ஹவுஸ்கீப்பிங் அக்காங்கள நினைச்சுதான். நாம அவசரத்துல பெட் மேல விட்டுட்டுப் போற ஊசி அவங்க கையிலதான் குத்துது. 2016 பயோமெடிக்கல் வேஸ்ட் ரூல்ஸ்ல குப்பைய கையாளுற எல்லாருக்கும் ஹெபடைட்டிஸ் பி ஊசி போடணும்னு தெளிவா இருக்கு. ஆனா கான்ட்ராக்ட்ல வர்றவங்க ரெண்டு டோஸோட வேற ஆஸ்பத்திரிக்கு போயிட்டா ஆறாவது மாசம் யாரு கூப்பிட்டு போடுவா? தடுப்பூசி கார்டு, ஆபீஸ் ஃபைல்ல கிடக்கக் கூடாது, அவங்க கையிலதான் இருக்கணும். இடையில விட்டுப்போனா முதல்ல இருந்து ஆரம்பிக்கத் தேவையில்ல, விட்ட டோஸ மட்டும் போட்டா போதும். உங்க வார்டுல கூட்டுற அக்காகிட்ட கார்டு இருக்கான்னு இந்த வாரமே கேளுங்க.